உறுதியான வீட்டுக்குப் பூஜ்யம்

எங்கள் சங்கத்தின் பெயரிலேயே 'சகோதரர்கள்' என்று இருக்கிறது. பொறியியல் படித்த தமிழர்கள் சேர்ந்து ரங்கூனில் நடத்தும் சங்கம். ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாய்க்கு இன்னும் ரங்கூன்தான். அதே மாதிரி, பெண்ணாகிய நான் சேர்ந்து இவ்வளவு காலமாகியும் கூட்டக் குறிப்பில் 'சகோதரர்கள் ஒன்பது பேர் வந்திருந்தனர்' என்றுதான் எழுதுகிறார்கள். ஒன்பதாவது சகோதரர் நான். ஒருமுறை செயலாளரிடம் கேட்டேன். "எட்டு சகோதரர், ஒரு சகோதரின்னு பிரிச்சு எழுதினா கூட்டும்போது தப்பு வந்துரும்க்கா" என்றார். அவர் கட்டும் அடுக்குமாடிகளில் யார் குடியிருக்கிறார்களோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கூட்டத்துக்குப் போவேன். ஒரு சகோதரருக்கு பெயிண்ட் கடை இருக்கிறது. அதன் மாடியில்தான் சங்கம். கரண்டு இருந்தால் மின்விசிறிக்குக் கீழே பேசுவோம். இல்லாவிட்டால் கீழே ஜெனரேட்டர் ஓடும், அதற்கு மேலே கத்திப் பேசுவோம். ஜெனரேட்டர் நின்ற பிறகும் பாதிப் பேர் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

பொறியாளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கணக்கிட்டாலும் கடைசியில் பாதுகாப்புக்காக ஒன்றரையால் பெருக்குவோம். தூணுக்கும் உத்திரத்துக்கும் அது நியாயம். முப்பது பேர் வரும் விழாவுக்கு நாற்பத்தைந்து பிரியாணி சொல்வது என்ன நியாயம் என்று என் கணவர் கேட்பார். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே பிரியாணியைச் சூடாக்கி முதலில் தட்டில் போட்டுக்கொள்பவரும் அவர்தான்.

சங்கத்துக்கு ஓர் அறக்கட்டளை உண்டு. பொறியியல் படிக்கும் வசதியில்லாத பிள்ளைகள் ஐந்து பேரை வருஷாவருஷம் தேர்ந்தெடுத்து, அவர்கள் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறோம். 'கல்வியும் தலைமைப் பண்பும்' என்பது அறக்கட்டளையின் வாசகம். கல்வி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். தலைமைப் பண்பு என்றால் ஒவ்வொரு சகோதரருக்கும் தன் முகம்தான் ஞாபகம் வரும். ரொம்ப யோசித்து, பிள்ளைகளை மேடையேற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொல்வது என்று முடிவாயிற்று. சத்தமாகப் பேசினால் தலைவர், கையையும் ஆட்டினால் பெரிய தலைவர்.

வசதியில்லை என்பதை எப்படி அளப்பது? அதில்தான் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். ஒரு பையன் எழுதிய விண்ணப்பக் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு சகோதரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, மிங்கலாடோனில் அவன் அப்பாவுக்கு மாடி வீடும் வாசலில் காரும் இருந்தன. எங்கள் தலைவர் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். சுமை தாங்குவதைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். "காகிதம் பொய் சொல்லும். வீடு பொய் சொல்லாது" என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து, விண்ணப்பித்த பிள்ளைகளின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவது வழக்கமாயிற்று.

அதற்கு ஒரு படிவம் வேண்டும் அல்லவா? அந்தப் படிவத்தை வரைந்தது சாட்சாத் நான்தான். கூரை, தூண், தரை, சுவர், வடிகால், மின்சாரம் என்று ஆறு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை. வீடு மோசமாக இருந்தால் மதிப்பெண் ஏறும்: கூரை ஒழுகினால் ஐந்து, தூண் சாய்ந்தால் ஐந்து. எல்லாம் உறுதி என்றால் பூஜ்யம். கட்டட வரைபடத்தில் இருப்பது போலவே வலதுபக்க மூலையில் மூன்று கட்டங்கள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். ஏழு முறை திருத்தி அழகாக்கினேன். மனிதர்களுக்கும் ஒரு வரி விட்டிருந்தேன். 'வசிப்போர் எண்ணிக்கை' என்று.

போன வருஷம் விண்ணப்பித்தவர்களில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கும் லைங் தாயாவிலிருந்து ஒரு பெண் இருந்தாள். கட்டடப் பொறியியல், மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். அம்மாவும் மகளும்தான். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள், வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: 'உதவி கிடைக்காவிட்டால் அம்மாவின் தொழிற்சாலையில் தையல் மெஷினுக்குச் சேர்ந்துவிடுவேன், எனக்காக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.' காகிதம் பொய் சொல்லும் என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால் அந்த வரியில் நாங்கள் யாரும் நிற்கவில்லை.

மேடையில் அவள் ஒரு நிமிஷம்தான் பேசினாள். தமிழில் ஆரம்பித்து, பர்மியத்துக்குத் தாவி, மறுபடியும் தமிழில் முடித்தாள். "மழைத் தண்ணி ஏறினா எங்க சந்துல எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. அதுக்காகத்தான் நான் இன்னும் படிக்கணும்." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். மீதி நாலு நிமிஷத்தை அவள் வீணாக்கிவிட்டாள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அவள் வீட்டைப் பார்க்க என்னையும் கரண்டு அண்ணனையும் அனுப்பினார்கள். மின்பொறியாளர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பாலம் தாண்டி, தொழிற்சாலை பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, சந்து முனையில் காரை நிறுத்திவிட்டுப் பலகை மேல் நடந்து போனோம். எங்களுக்காக நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். நாலும் நாலு நிறம், நாலு வீட்டு இரவல். நான் உட்காரவே இல்லை. வீட்டைப் பார்த்ததும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் போட்ட, கால் ஊன்றி நிற்கும் சின்ன வீடுதான். ஆனால் கட்டியிருந்த விதம்! மரத் தூண்கள் சேற்றில் மக்கிப் போகாமலிருக்க, பழைய பெயிண்ட் டின்களில் சிமெண்ட் ஊற்றி, அதன் மேல் நிறுத்தியிருந்தது. காற்றுக்குக் கூரை தூக்காமல் கம்பியால் கீழே இழுத்துக் கட்டியிருந்தது. தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டும் நைலான் பட்டையால் மூங்கில்களைக் குறுக்காகப் பிணைத்திருந்தது. ஒரு மூலைத் தூண் முன்பே இற்றுப்போயிருக்கிறது. அந்தப் பாரத்தை ஒரு மூங்கில் சாய்வாக வாங்கிப் பக்கத்துத் தூணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சரியான கோணம். எங்கள் சகோதரர்களில் இரண்டு பேர் அதைத் தலைகீழாக வைத்திருப்பார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

"இதெல்லாம் யாரு பண்ணது?" என்று கேட்டேன்.

"நான்தான் ஸயாமா" என்றாள் அந்தப் பெண். படித்த பெண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "புத்தகத்துல பார்த்து, கொஞ்சம் குத்துமதிப்பா."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவளுக்கு பெயிண்ட் டின் போதுமாயிருந்தது. நான் டேப்பை நீட்டி நீட்டி அளந்தேன். கரண்டு அண்ணன் சின்ன சோலார் பலகையிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போய், "ஃபியூஸ் போட்டிருக்காம்மா! ஒழுங்கா ஃபியூஸ் போட்டிருக்கா!" என்று கோவிலில் சாமியைக் கண்டவர் மாதிரி கூவினார். யாரோ தேநீர் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தேன். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. படிவத்தில் கூரை உறுதி, தூண் உறுதி, தரை உறுதி, சுவர் உறுதி, மின்சாரம் மிக நன்று என்று மனதாரக் குறித்தேன். திரும்பும் வழியெல்லாம் அண்ணனும் நானும் அந்த ஃபியூஸைப் பற்றியும் மூங்கிலைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தோம்.

இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் எல்லாப் படிவங்களிலும் குறித்திருந்ததை மதிப்பெண்ணாக்கிக் கூட்டி, ஐந்து பேர் பட்டியலை வெளியிட்டார். வேலை நெருக்கடியில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பெயர் அதில் இல்லாமல் போகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் தொலைபேசிக்கு அவளிடமிருந்து பர்மியத்தில் ஒரு செய்தி வந்தது. 'ஸயாமா, பட்டியல் பார்த்தேன். கிடைத்தவர்களுக்கு வாழ்த்துகள். நேற்று முதல் தொழிற்சாலைக்குப் போகிறேன். ஒரே ஓர் உதவி. மூலையில் நான் கொடுத்திருக்கும் மூங்கிலின் பருமன் குத்துமதிப்புதான். அந்தப் பாரத்துக்குப் போதுமா என்று நேரம் இருக்கும்போது கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? இனிமேல் கேட்பதற்கு எனக்கு ஆசிரியர்கள் இல்லை. தொந்தரவுக்கு மன்னியுங்கள்.'

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எந்த முட்டாள் இவளுக்கு மதிப்பெண் போட்டது என்று செயலாளரிடம் படிவத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது. முப்பதுக்கு மூன்று. அந்த மூன்றும் சந்தில் ஓடும் சாக்கடைக்காக. அது அவள் கட்டியதல்ல. மூலையில் 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து, வால் சுழித்து, அழகாக இருந்தது.

அன்று சாயங்காலமே எல்லாரையும் டீக்கடைக்கு வரச் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நானே சொன்னேன். வறுமையை அளக்கப் போன இடத்தில் கட்டடத்தை அளந்துவிட்டு வந்தேன் என்றேன். கரண்டு அண்ணன் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மனிதர் சமோசாவைத் தள்ளி வைத்து நான் பார்த்ததே இல்லை.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார் செயலாளர்.

"கூட்டலை யாருப்பா கேட்டா?" என்றார் தலைவர். படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாக் கட்டினவளுக்கு அபராதம் போட்டிருக்கோம். நானும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருக்கேன். வீடு பொய் சொல்லலை. நாமதான் வீட்டுக்கிட்ட தப்பான கேள்வி கேட்டிருக்கோம்."

அறிவித்த ஐந்து பேரில் யாரையும் எடுக்க முடியாது. விதிப்படி ஐந்துக்கு மேல் கொடுக்கவும் முடியாது. ஆளுக்கொரு வழி சொல்லிப் பார்த்தோம். கடைசியில், பெயிண்ட் கடைச் சகோதரர்தான் தொண்டையைக் கனைத்தார். "பிரியாணிக்கு எல்லாம் ஒன்றரையால பெருக்குறோம். ஐந்தை ஒன்றரையால பெருக்கினா ஏழரை. ஆறு அதுக்குள்ளதானே அடங்குது?"

"ஏழரைன்னு சொல்லாத, சனி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் தலைவர். "ஆறுன்னு சொல்லு." அத்தோடு முடிந்தது. எங்கள் சங்க வரலாற்றில் ஒரு தீர்மானம் ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் நிறைவேறியது அந்த ஒருமுறைதான். கல்லூரியில் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் நேரில் போய் அவளிடம் சொல்லிவிட்டு வருவதும், அந்தப் படிவத்தைத் திருத்தி எழுதுவதும் என் பொறுப்பு. தண்டனை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை தனியாகப் போனேன். டேப்பை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டேன். இடையில் மழை கொட்டியிருந்ததால் தண்ணீர் ஏறி, பலகைகள் இடம் மாறிக் கிடந்தன. எந்தச் சந்து என்று குழம்பிவிட்டது. முனையில் ஓர் அம்மாள் மடி நிறையச் சட்டைகளை வைத்துக்கொண்டு பிசிறு நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். "இங்க காலேஜுக்குப் போற பொண்ணு வீடு எதும்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். சட்டைகளைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க ஸயாமா" என்று முன்னால் நடந்தாள். நானும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். "அவங்கம்மா வீட்ல இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அவங்களைப் பார்த்து ரொம்பப் பேசணும். போன தடவை சரியாப் பேச முடியல."

"பேசலாம்" என்றாள்.

வீட்டுக்குள் போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். இந்தத் தடவை ஒன்றுதான், அவர்களுடையதே. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உள் தடுப்பைப் பார்த்தபடி அந்தப் பெண்ணின் அம்மா வருவாள் என்று காத்திருந்தேன். அவளும் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து அந்தத் தடுப்பைப் பார்த்தாள். பிறகு, ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் ஸயாமா."

பர்மியத்தில் 'ஆனாடே' என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று நாம் படும் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் வழியெல்லாம் அவள் என் தப்பைத் திருத்தாமல் வந்திருக்கிறாள். போன தடவை இதே அம்மாளின் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தேன். இவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தேன். மூலை மூங்கில் எத்தனை அங்குலம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல ஸயாமா. அன்னைக்கு உங்களுக்கு வேலை நிறைய" என்றாள். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் முழங்கை வரைக்கும் இருந்தன. கத்தரி பிடிக்கும் விரல் மடங்காமல் வீங்கியிருந்தது. மதிப்பெண் போட என் படிவத்தில் இதற்கெல்லாம் வரிசை கிடையாது.

விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் மதிப்பெண் போட்ட விதத்தையும் மறைக்காமல் சொன்னேன். மறுபடி கையில் எடுத்திருந்த சட்டையை அவள் மடியில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும்போது தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. மகள் சீருடையோடு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மூங்கில் போதுமா ஸயாமா?"

"தாராளமா போதும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். நாளைக்குக் காலேஜ்ல போய்ப் பேரைப் பதிஞ்சுடு. செலவு எங்களோடது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பக்கத்தில் போய் அவள் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வீடு உறுதியாக இருந்ததால்தான் பூஜ்யம் என்ற இடம் வந்ததும் மறுபடியும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஸயாமா, நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் அந்த மூலை மூங்கிலை உருவி வைன்னு இவகிட்ட சொல்லியிருப்பேன்."

நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

"நீ சொல்லியிருந்தாலும் உருவியிருக்க மாட்டேன்" என்றாள்.

"ஏண்டி? ஒரு நாளைக்குத்தானே? உன் படிப்பாச்சே!"

அவள் மூலையைக் காட்டினாள். மூங்கிலுக்கு நேர் கீழே ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது.

"அங்கதான நீ படுக்குற."